கேட்டு நடந்த பாதை

இங்கிலாந்துக் கிராமமான வெல்டர்பியில் தேவாலயம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். நடுவில் ஒரு பெரிய வயல். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தப் புத்திசாலி இதைக் கொண்டுபோய் அவ்வளவு தள்ளிக் கட்டினான் என்றுதான். அதற்கு ஊர்க்காரர்கள் ஒரே பதிலை வைத்திருந்தார்கள். தேவாலயம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஊர்தான் நகர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் கொள்ளைநோய் வந்து தேவாலயத்தைச் சுற்றி மேட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போக, மிச்சப்பேர் ஓடைக்கரைக்கு இறங்கி வந்துவிட்டார்களாம்.

வயலுக்குப் பெயரே பழைய ஊர். வீடுகள் இருந்த இடமெல்லாம் புல் மூடிய திட்டுகள், தெரு இருந்த இடம் நீளமான பள்ளம். காற்று பலமாக அடிக்கும் நாளில் ஆடுகள் அந்தப் பள்ளத்துக்குள் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். தேவாலயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் அதன் வழியாகத்தான் போனது. ஓடைப் பக்கத்து மரக்கதவைத் திறந்து, பள்ளத்தோடு ஏறினால், மூச்சு வாங்குவதற்குள் தேவாலயத்தின் மதில் வந்துவிடும்.

இந்தப் பாதையில் மேவிஸ் டாஃப்ட் அளவுக்கு நடந்தவர்கள் யாரும் இல்லை. ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அதில்தான், கல்யாணத்துக்கு நனைந்த பாவாடையோடு போனதும் அதில்தான், கணவர் ஹெரால்டை மண்ணுக்குக் கொண்டுபோனதும் அதில்தான். நாற்பது வயதுக்கு முன்னாலேயே தேவாலயப் பொறுப்பாளர் ஆனவள். காலையில் போய்த் திறப்பாள், இருட்டுவதற்கு முன் போய்ப் பூட்டுவாள். இப்போது எழுபதை நெருங்கிவிட்டாள். கார் ஓட்டத் தெரியாது.

வயலின் சொந்தக்காரர் கிளெமென்ட் காரட் பிள்ளையில்லாமல் இறந்தார். லண்டனில் இருந்த அக்கா மகன் பண்ணையை விற்றுவிட்டான். வாங்கிய ஜூலியன் வேன் குதிரை வளர்ப்பவர். ஆடுகள் போய்க் குதிரைகள் வந்தன, மரக்கதவு போய் இரும்புக் கதவு வந்தது. அதில் ஒரு பூட்டு, பூட்டுக்கு மேல் ஒரு பலகை. "தனியார் நிலம். வழி இல்லை."

இனி தேவாலயத்துக்குப் போவதென்றால் பாலத்தைச் சுற்றி, மில் சாலையோடு போகவேண்டும். அது இரண்டு புதர்வேலிகளுக்கு நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். சரளைக்கல் லாரிகள் அந்த வழியாகத்தான் ஓடின. ஓரமாக ஒதுங்குவதற்கு முள்ளைத் தவிர வேறு இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்த இருபதுபேரில் பாதிக்குமேல் வயதானவர்கள், அவ்வளவு தூரம் சுற்ற முடியாமல் அவர்கள் நின்றுபோனார்கள். ஆயர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, தேநீர் குடித்து, ஜன்னல் கண்ணாடிகளைப் புகழ்ந்துவிட்டு, கிளம்பும்போது சொன்னார்:

"ஆள் வராத இடத்துக்கு எவ்வளவு நாள் கூரை மாத்திக்கிட்டு இருக்க முடியும், மிஸஸ் டாஃப்ட்? பாதை திரும்பக் கிடைச்சா நல்லது. கிடைக்கலேன்னா பூட்டுறதைத் தவிர வழியில்ல."

பாதையைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று கிளம்பியவர் டெஸ்மண்ட் கிரிச்லி. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெல்டர்பிக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியும் ஊரில் அவர் புது ஆள்தான். அவர்தான் கண்டுபிடித்தார், மாவட்டத்தின் பொதுப்பாதை வரைபடத்தில் இந்தப் பாதையே இல்லை என்று. போருக்குப் பிறகு ஒவ்வோர் ஊர்சபையும் தன் பாதைகளை வரைந்து அனுப்பச் சொன்னபோது, சபைத் தலைவராக இருந்தவர் கிளெமென்ட் காரட்டின் அப்பா. "தேவாலயப் பாதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அதை எதுக்குப் படத்துல போடணும்?" என்றாராம். சபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது சரியில்லை என்று தெரிந்திருக்கும். தலைவரை மறுத்துப் பேசுவது மரியாதையா என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஊர்மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். டெஸ்மண்ட் பழைய வரைபடங்களை மேஜையில் விரித்துவிட்டுச் சொன்னார்:

"முதல்ல, இந்தக் கொள்ளைநோய்க் கதையை விடுங்க. நோய் வந்துபோய் நூறு வருஷத்துக்கு அப்புறமும் மேட்டுல ஜனங்க இருந்திருக்காங்க. நிலச்சொந்தக்காரருக்குக் கம்பளி வியாபாரத்துல ஆசை வந்துடுச்சு. ஆடு மேயணும்னா ஆள் இருக்கக் கூடாது. வீட்டை இடிச்சு, எல்லாரையும் கீழே விரட்டிட்டார். இதுதான் நடந்தது."

"கேட்டியா மேவிஸ்?" என்றார் லென் ஸ்பெண்ட்லோ. லாரி ஓட்டி ஓய்ந்தவர், மேவிஸின் அடுத்த வீட்டுக்காரர். "உங்க குடும்பம் நோயில போகல. ஆட்டால போச்சு!"

தட்டில் கேக் அடுக்கிக்கொண்டிருந்த மேவிஸ் நிமிர்ந்தாள். "நோய்னு சொன்னா யார்மேலயும் பழி வராதில்ல, டெஸ்மண்ட். அதனால அப்படிச் சொல்லி வச்சிருப்பாங்க."

அடுப்படியில் கெட்டில் சத்தம் போட்டது. வெல்டர்பியில் கூட்டம் என்றால் தேநீர் போடுவது மேவிஸ்தான், அதை யாரும் கேட்பதும் இல்லை, அவள் யாரையும் விடுவதும் இல்லை. அவள் உள்ளே போன பிறகுதான் டெஸ்மண்ட் விஷயத்துக்கு வந்தார்.

"சட்டம் ரொம்ப எளிசு. இருபது வருஷம் ஊர் ஜனங்க ஒரு வழியில நடந்திருந்தா அது ஊரோட வழி. ஆனா மூணு விஷயம். பூட்டை உடைச்சு நடந்திருக்கக் கூடாது. ஒளிஞ்சு நடந்திருக்கக் கூடாது. அனுமதி வாங்கி நடந்திருக்கக் கூடாது. அனுமதி வாங்கிட்டா அது உரிமை இல்ல, நிலச்சொந்தக்காரர் காட்டின தயவு. தயவை எப்ப வேணா நிறுத்தலாம். இப்ப சொல்லுங்க, காரட்கிட்ட யாராவது அனுமதி கேட்டிருக்கீங்களா?"

"அந்தக் கிழவன்கிட்டயா? அவன் நாய்கிட்டகூட நான் கேட்டதில்ல!" என்றார் லென். மன்றமே சிரித்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டு மேவிஸ் அடுப்படியின் சின்ன ஜன்னலில் தலையை நீட்டினாள். "யார் யாருக்குச் சர்க்கரை?"

கைகள் உயர்ந்தன. அவள் எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். டெஸ்மண்ட் சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொண்டார். மேவிஸ் பெயர்தான் முதலில் இருந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு எதையும் விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவளைவிட நல்ல சாட்சி ஏது?

விசாரணை மே மாதத்தில், அதே ஊர்மன்றத்தில் நடந்தது. பூப்பந்தாட்டக் கோடுகளுக்கு மேல் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அரசாங்கம் அனுப்பிய விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. அதிர்ந்து பேசாதவர், பேசுகிறவர்களை முடிக்க விடுகிறவர். வேன் தரப்பு வக்கீல் இளைஞர், சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

மேவிஸ் ஈஸ்டருக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். டெஸ்மண்ட் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். பாதை எங்கே வளைகிறது, மழைக்கு எங்கே சேறாகும், யார் யார் சவப்பெட்டி அதில் போனது. மன்றத்தில் பின்வரிசைகூட நிமிர்ந்து உட்கார்ந்தது. லென் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகு வக்கீல் எழுந்தார். அவர் மிரட்டுவார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அவருடைய பணிவு பிடித்துப்போயிற்று.

"மிஸ்டர் காரட்டை உங்களுக்கு நல்லாத் தெரியுங்களா, மிஸஸ் டாஃப்ட்?"

"பள்ளிக்கூடத்துல ஒரே வகுப்பு. பேச்சு கடுகடுன்னு இருக்கும். மனுஷன் மோசமில்ல."

"வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறது உண்டா?"

"செப்டம்பர் முடியறப்ப வருஷாவருஷம் போவேன். டாம்சன் பழத்துல ஜாம் பண்ணுவேன், அதுல ஒரு பாட்டில் அவருக்கு."

"என் பாட்டியும் பண்ணுவாங்க. கொட்டையை எடுக்கிறதுதான் பெரிய வேலை இல்லையா?" என்று வக்கீல் சிரித்தார். "எதுக்காக அவருக்குக் குடுப்பீங்க?"

மேவிஸுக்கு இது என்ன கேள்வி என்று இருந்தது. "அவர் நிலத்துல நடக்கிறோமே. சும்மா நடக்க முடியுமா? போய் ஒரு வார்த்தை சொல்லணுமில்ல."

"என்ன சொல்லுவீங்க?"

"'இந்த வருஷமும் நாங்க இப்படியே போய்க்கலாமா கிளெமென்ட்?'ன்னு கேப்பேன். 'போங்க, கதவை மட்டும் சாத்திட்டுப் போங்க'ம்பார்."

"'நாங்க'ன்னா?"

"தேவாலயத்துக்கு வர்ற எல்லாரும்தான். நான் பொறுப்பாளர் ஆச்சே. எல்லாருக்கும் சேர்த்து நான் கேப்பேன்."

டெஸ்மண்ட் தன் பேனாவை மேஜைமேல் வைத்தார். சத்தம் வராமல்தான் வைத்தார், ஆனால் அவர் முகத்தில் இருந்து ரத்தம் இறங்கிப்போனதை மேவிஸ் பார்த்தாள். லென் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எங்கேயோ எதையோ கொட்டிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. எதை என்று புரியவில்லை.

"ரொம்ப நல்ல பழக்கம்ங்க," என்று சொல்லிவிட்டு வக்கீல் உட்கார்ந்தார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

அதிகாரி சாப்பாட்டு இடைவேளை விட்டார். டெஸ்மண்ட் அவளை மன்றத்துக்குப் பின்னால் குப்பைத்தொட்டிகள் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போய், மூன்று விஷயத்தையும் மறுபடி சொன்னார். இந்தத் தடவை அவள் கேட்டாள்.

"அப்ப... நான் கேட்டதால?"

"உங்களுக்கு மட்டும் கேட்டிருந்தாப் பரவாயில்ல, மேவிஸ். ஊருக்கே சேர்த்துக் கேட்டிருக்கீங்க."

"யார்கிட்டயும் சொன்னதில்லையே நான். இதெல்லாம் போய்ச் சொல்லிக்கிற விஷயமா?"

"சரி, இன்னும் ஒண்ணும் முழுகிடல," என்றார் டெஸ்மண்ட். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதிகாரி உங்களைத் திரும்பக் கேள்வி கேப்பாங்க. அது சும்மா ஒரு உபசாரப் பேச்சா, நிஜமா அனுமதி கேட்டதான்னு பார்ப்பாங்க. 'இன்னிக்கு மழை வருமா'ன்னு கேக்கிற மாதிரிதான் கேட்டேன்னு சொல்லுங்க. அவர் முடியாதுன்னாலும் நடந்திருப்போம்னு சொல்லுங்க. அது போதும். அது உண்மையும்தானே?"

மேவிஸ் கொண்டுவந்த முட்டை சான்ட்விச்சைப் பிரிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. ஹெரால்டுக்குக்கூட அதை முழுசாகச் சொன்னதில்லை.

ஒரு வருஷம் யாருடைய நாயோ காரட்டின் ஆடுகளை விரட்டிவிட்டது. அந்த வருஷம் ஜாம் கொண்டுபோனபோது அவர் பாட்டிலை வாங்கிக்கொள்ளவே இல்லை. "முடியாது. குட்டி போடற வரைக்கும் ஒருத்தரும் என் வயல்ல காலை வைக்கக் கூடாது. போய்ச் சொல்லு," என்றார். அவள் போய்ச் சொன்னாள். ஆனால் அப்படியே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, "ஆடுகள் சினையாகற காலம், பாவம். ஈஸ்டர் வரைக்கும் நாமளே சாலை வழியா வந்துடுவோமா?" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தாங்களாகவே விட்டுக்கொடுத்ததாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தடுக்கப்பட்டது யாருக்கும் தெரியாது. அப்போது மில் சாலையில் லாரிகள் ஓடவில்லை.

இடைவேளை முடிந்து அதிகாரி நேராகவே கேட்டார்.

"மிஸஸ் டாஃப்ட், நீங்க கேட்டது ஒரு மரியாதைக்காக மட்டும்தானா? ஒருவேளை அவர் முடியாதுன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

'நடந்திருப்போம்.' ஒரே சொல். டெஸ்மண்ட் அவளைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் யாரோ கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அவள் சாட்சி சொல்ல உட்கார்ந்ததால் இன்று அந்த வேலையை வேறு யாரோ செய்கிறார்கள். கிளெமென்ட் காரட் செத்துப்போனார், அவர் வந்து மறுக்கப்போவதில்லை. மன்றத்தில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது.

அதிகாரி காத்திருந்தார். அவசரப்படுத்தியிருந்தால் ஒருவேளை அந்தச் சொல் வந்திருக்கும். அவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறவரிடம் மேவிஸால் பொய் சொல்ல முடியவில்லை.

"சொன்னாருங்க," என்றாள். "ஒரு வருஷம் முடியாதுன்னு சொன்னார்."

"நீங்க?"

"சுத்திப் போனோம். எல்லாரும்."

அன்று மாலை லென் பின்கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊரில் மற்றவர்கள் எல்லாம் மன்ற வாசலிலேயே அவள் கையைப் பிடித்து, "பரவாயில்ல மேவிஸ், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டிருந்தார்கள்.

"ஒரு பொய்!" என்றார் லென். "வாழ்நாள்ல ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"கேட்டா சொல்லிடணுமா? தான் பண்ற புட்டிங் எப்படின்னு முப்பது வருஷமா என் பொண்டாட்டி கேக்கிறா. ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருக்கேனா?"

மேவிஸுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "அந்தப் பொம்பளை காத்துக்கிட்டு இருந்தாங்க, லென்."

"காத்துக்கிட்டு இருந்தாங்களாம்! உனக்கு யார் மனசும் நோகக் கூடாது. காரட் மனசு நோகக் கூடாது, ஊர் மனசு நோகக் கூடாது, எங்கிருந்தோ வந்த அதிகாரி மனசும் நோகக் கூடாது. கடைசியில நோகறது யாரு? வியாழக்கிழமை பூ மாத்த வர்ற கிழவிங்க. மில் சாலையில லாரிக்கு முன்னாடி நிக்கப்போறது அவங்கதான்."

அவர் கோபமாகத்தான் போனார். ஆனாலும் அன்று அவளிடம் உண்மையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அந்த இரவு தூக்கம் வராமல், மேட்டில் இருந்து விரட்டப்பட்டவர்களை மேவிஸ் நினைத்துக்கொண்டாள். வீடு இடிகிறபோது கூச்சல் போட்டிருப்பார்கள், கல்லெறிந்திருப்பார்கள் என்றுதான் டெஸ்மண்ட் சொன்னதைக் கேட்டபோது எண்ணியிருந்தாள். இப்போது வேறு மாதிரி தோன்றியது. யாரோ ஒருத்தி, டாஃப்ட் வீட்டுப் பெண்ணாகக்கூட இருக்கலாம், சொந்தக்காரர் வாசலில் போய் நின்று, அறுவடை முடியும்வரை இருந்துகொள்ளலாமா என்று கேட்டிருப்பாள். அவரும் பெரிய மனது பண்ணிச் சரி என்றிருப்பார். இவர்கள் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பார்கள். பிள்ளைகளிடம் நோய் என்று சொல்லியிருப்பார்கள்.

முடிவு இலையுதிர் காலத்தில் வந்தது. பாதை இல்லை. ஊர் ஜனங்கள் நிலச்சொந்தக்காரரின் அனுமதியோடுதான் நடந்திருக்கிறார்கள் என்று தீர்ப்பு சொன்னது. டெஸ்மண்ட் வரைபடங்களைச் சுருட்டி உறையில் போட்டார். தெருவில் மேவிஸைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. நின்று பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அடுத்த ஊர்மன்றக் கூட்டத்தில், "நீங்க உக்காருங்க மேவிஸ், நாங்க பார்த்துக்கிறோம்" என்று தேநீர்க் கெட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அன்பாகத்தான் வாங்கினார்கள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஜூலியன் வேன் அவள் வீட்டுக்கு வந்தார். தோட்டத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், யார் என்று பார்க்காமலே மேவிஸ் கெட்டிலைப் போட்டுவிட்டுத்தான் வாசலுக்குப் போனாள். அவர் சேற்றுக் காலணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

"உள்ளே வந்து தொந்தரவு பண்ணல, மிஸஸ் டாஃப்ட். ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன்." கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். "என் பயம் எல்லாம் நாயும், கூட்டமும், குதிரை மிரண்டுடுமேன்னும்தான். உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார்னு சொன்னாங்க. நீங்க எப்ப வேணா போய்க்கங்க. போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நல்ல மனதோடுதான் வந்திருந்தார். அது முகத்தில் தெரிந்தது. மேவிஸுக்கு 'ரொம்ப நன்றிங்க' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கைகூடக் கொஞ்சம் நீண்டது.

"வேண்டாம்," என்றாள்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. "சும்மா வச்சுக்கங்க. எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

"வேண்டாங்க. நான் மட்டும் போய் யாருக்குக் கதவைத் திறக்கிறது?"

வேனின் காது சிவந்தது. சாவியைப் பைக்குள் போட்டார், சரியாக விழவில்லை, குனிந்து எடுத்தார். இந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குதிரைகள் எப்படி இருக்கின்றன என்றோ, குளிர் ஆரம்பித்துவிட்டது என்றோ. வெல்டர்பியில் யாரும் யாரையும் இப்படி வாசலில் நிற்க விடுவதில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளே கெட்டில் கொதித்துத் தானாக நின்றது.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. கிளெமென்ட் காரட்டின் வாசலுக்கே போகாமல், செப்டம்பர்தோறும் வீட்டிலேயே இருந்திருந்தால் போதும். அப்போது ஊருக்கே உதவியிருக்கும். இன்றைக்குச் சொன்ன 'வேண்டாம்' ஒருத்தருக்கும் உதவாது. மரியாதையாகப் பேச வந்த ஒரு மனிதரை வருத்தப்படுத்தி அனுப்பியதுதான் மிச்சம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இப்போதெல்லாம் அவளைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகும் லென்னின் கார் பழுதாகிக் கிடந்தது. மேவிஸ் வழக்கத்தைவிட வெகு முன்னதாகக் கிளம்பி, பாலத்தைச் சுற்றி மில் சாலைக்கு வந்தாள். ஞாயிறு என்பதால் லாரி இல்லை, மழைதான் இருந்தது. வேலியின் இடைவெளியில் பழைய ஊர் வயல் தெரிந்தது. குதிரைகள் ஆடுகளைப் போல வரிசையாகப் போவதில்லை. பள்ளம் முழுக்கக் குளம்படிகள், ஒற்றையடித் தடத்தின் மேல் புல் முழங்கால் அளவுக்கு நின்றது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது.

அவள் தேவாலயத்தைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்தாள். இருபது எடுத்து வைப்பது பழக்கம். கையில் எடுத்தவள் யோசித்து, பாதியைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். போதகரின் கார் வந்தது. அதற்குப் பிறகு நான்குபேர் வந்தார்கள். ஐந்தாவது ஆளுக்காக வாசலில் நின்று பார்த்தாள். மணி அடித்து முடிந்தது.

"ஆரம்பிக்கலாமா, மேவிஸ்?" என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

அவள் கதவைச் சாத்தினாள்.